திரும்பப் பயன்படும் ஆட்டோ இன்ஜெக்டர்: பாதுகாப்பான ட்ரிக்கரை வடிவமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இழுத்து மாட்டிய ஒரு ஸ்பிரிங், அதைப் பிடித்து நிறுத்தும் ஒரு கொண்டி, கொண்டியை விடுவிக்கும் ஒரு பட்டன். ஆட்டோ இன்ஜெக்டரின் ட்ரிக்கர் இவ்வளவுதான். மருந்து நிரம்பிய சிரிஞ்சை உள்ளே வைத்து, தொடையிலோ வயிற்றிலோ அழுத்திப் பட்டனைத் தட்டினால், ஊசியைத் தோலுக்குள் இறக்குவதையும் மருந்தைத் தள்ளுவதையும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையில் ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பிவிடுவார்கள்; கொண்டி ஒரே ஒருமுறை ஒழுங்காக விட்டால் போதும். திரும்பப் பயன்படும் வகையில் ஒவ்வொரு முறையும் மாட்டுபவர் நோயாளி. அவர் பாதி இழுத்து விடலாம், சிரிஞ்ச் இல்லாமல் தட்டிப் பார்க்கலாம், இறுக்கமாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் விடலாம். இத்தனைக்குப் பிறகும் கொண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

கோவையிலிருந்து வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு வரை உள்ள வட்டாரத்தில் டிப்ளமோவோ பொறியியலோ முடித்துவிட்டு மருத்துவக் கருவிப் பக்கம் வர நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஸ்பிரிங் சுற்றுபவர், வயர்கட் (மின்பொறியால் உலோகத்தை வெட்டும் முறை) போடுபவர், ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குதல்) பண்ணுபவர் எல்லாரும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்கும் இடம் இது. பாலக்காட்டு ஐஐடியும் கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறது. பட்டறை வசதிக்குக் குறைவில்லை. பெரும்பாலும் குறைவது, எதை எந்த வரிசையில் முடிவு செய்வது என்ற தெளிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கீழே வரும் வேலை முழுவதும் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சோடு, மேசை மேல் செய்வது. மனிதர் மேல் குத்திப் பார்ப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். எதற்கு என்ன உரிமம் என்பது கடைசியில் வருகிறது.

முதல் தாளில் எழுத வேண்டியவை

எந்த மருந்து, எந்த சிரிஞ்ச், யார் கை. இந்த மூன்றும் எழுதாமல் கணினியில் வரையும் மென்பொருளைத் திறக்காதீர்கள்.

மருந்தைப் பொறுத்துத்தான் எந்தத் தவறு பெரிது என்பது மாறும். ட்ரிக்கர் இரண்டு விதமாகக் கெடும்: விடக்கூடாத நேரத்தில் விடுபடும், விட வேண்டிய நேரத்தில் விடாது. வாரம் ஒருமுறை போடும் மூட்டுவாத மருந்தில் இன்று விடாவிட்டால் நாளை போட்டுக்கொள்ளலாம். தவறி விடுபட்டால் விரலில் குத்தும், விலையுயர்ந்த மருந்தும் வீண். தேனீ கொட்டி மூச்சடைக்கும் ஒருவருக்கான அட்ரினலினில் கதை தலைகீழ். முதல் திட்டமாக அவசர மருந்தை எடுக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. சிரிஞ்சை ஏற்றி, ஸ்பிரிங்கை இழுத்து, மூடியைக் கழற்றும் அவகாசம் அங்கே இல்லை. அதற்கு மாட்டியே வரும் ஒருமுறைக் கருவிதான் பொருத்தம். வீட்டில் நிதானமாக, குறிப்பிட்ட நாளில் போட்டுக்கொள்ளும் தோலடி ஊசியில் தொடங்குங்கள்.

சிரிஞ்சுக்கு 1 மில்லி நீள வகைக் கண்ணாடி சிரிஞ்சை எடுத்துக்கொள்வோம். இதன் உள்விட்டம் 6.35 மி.மீ., வெளிவிட்டம் 8.15 மி.மீ. உள்பரப்பு 31.7 சதுர மி.மீ. என்பதால் 1 மில்லி மருந்து வெளியேற பிளஞ்சர் ஏறக்குறைய 32 மி.மீ. நகர வேண்டும். ஊசி உள்ளே இறங்க 12 மி.மீ. சேர்த்தால் மொத்த ஓட்டம் 44 மி.மீ.

ஸ்பிரிங் கணக்கு

கொண்டி தாங்க வேண்டிய சுமை ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. ஸ்பிரிங்கின் சுமை மருந்திலிருந்து வருகிறது. ஆகவே பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுங்கள்.

ஊசி வழியாக மருந்தைத் தள்ளும் அழுத்தத்துக்கு ஹேகன்–புவாசேய் சமன்பாடு போதும்: 128 × பாகுத்தன்மை × ஊசி நீளம் × ஓட்ட வேகம், இதை π × உள்விட்டத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 29 கேஜ் (ஊசியின் பருமனைக் குறிக்கும் எண்; எண் குறைந்தால் ஊசி பெரிது) ஊசியின் உள்விட்டம் 0.184 மி.மீ., கண்ணாடிக்குள் இருக்கும் பகுதியும் சேர்த்து நீளம் 20 மி.மீ., 1 மில்லியை 10 விநாடியில் தள்ள வேண்டும் என்று வைத்தால், தண்ணீர் போன்ற மருந்துக்கு 2.3 நியூட்டன் போதும். பாகுத்தன்மை பத்து மடங்கான புரத மருந்துக்கு 22.5 நியூட்டன். 27 கேஜுக்கு (உள்விட்டம் 0.21 மி.மீ.) மாறினால் அதே மருந்துக்கு 13.3 நியூட்டனாக இறங்கிவிடும். விட்டத்தில் 0.026 மி.மீ. வித்தியாசம், விசையில் 40 சதவீதம். நான்காம் அடுக்கு செய்யும் வேலை இது. ட்ரிக்கர் கனமாக இருக்கிறதென்று கொண்டியோடு மல்லுக்கட்டுவதற்கு முன் ஊசியை ஒரு கேஜ் பெரிதாக்க முடியுமா என்று மருந்துக்காரர்களிடம் கேளுங்கள்.

இதோடு ரப்பர் ஸ்டாப்பரின் (சிரிஞ்சுக்குள் மருந்தை அடைத்து நிற்கும் ரப்பர்) உராய்வு 5 நியூட்டனைச் சேருங்கள். நாள்பட வைத்திருந்த சிரிஞ்சில் ஸ்டாப்பர் ஒட்டிக்கொண்டு முதல் அசைவுக்கு இன்னும் அதிகம் கேட்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே போடுபவர்களும் உண்டு: தண்ணீருக்கே 20 டிகிரியில் 1.0 சென்டிபாய்ஸ் இருக்கும் பாகுத்தன்மை 5 டிகிரியில் 1.5 ஆகிறது.

நமது கெட்டியான மருந்துக்கு, மாட்டிய நிலையில் 40 நியூட்டன், மி.மீ.க்கு 0.4 நியூட்டன் வீதம் இறங்கும் ஸ்பிரிங் சரியாக இருக்கும். ஊசி இறங்கி முடிந்ததும் 35, மருந்து தீரும்போது 22. கணக்குப்படி மருந்து தீர 10 விநாடியை ஒட்டி வரும். இதே ஸ்பிரிங்கைத் தண்ணீர் போன்ற மருந்துக்குப் போட்டால் ஒரே விநாடியில் பீய்ச்சிவிடும். வலிக்கும், நோயாளி கருவியைத் தூக்கிவிடுவார். எல்லா மருந்துக்கும் ஒரே ஸ்பிரிங் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய அளவுகள்: 302 ஸ்டெயின்லெஸ் வயர், 1.0 மி.மீ. தடிமன், சுருளின் நடு விட்டம் 8 மி.மீ., செயல்படும் சுற்று 42. 40 நியூட்டனில் வயரின் முறுக்கழுத்தம் ஏறக்குறைய 960 மெகாபாஸ்கல் வருகிறது. இந்த வயரின் இழுவலிமையில் பாதிக்கும் சற்று மேல். அதனால் சுற்றிய பிறகு முழுவதும் அமுக்கி எடுக்கும் பிரீசெட்டிங் கட்டாயம் என்று வரைபடத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். நூறு முறை மாட்டியதும் ஸ்பிரிங் சில மி.மீ. குட்டையாகி, மருந்து கடைசித் துளி வரை போகாது. இவ்வளவு நீளமான, மெலிந்த ஸ்பிரிங் அமுங்கும்போது பாம்பாக வளையும் என்பதால் உள்ளே ஒரு வழிகாட்டிக் கம்பியும் வேண்டும்.

கொண்டி

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி மாதிரியை வரைவார்கள். தள்ளுகோலில் (ஸ்பிரிங் முன்னால் தள்ளும் கோல்) ஒரு பள்ளம், அதில் நேராக விழுந்து நிற்கும் ஒரு கொண்டி, பட்டனை அமுக்கினால் கொண்டி பக்கவாட்டில் நழுவும். எளிமையாகத் தெரியும். இதில் என்ன நடக்கிறது என்று எண்ணால் பாருங்கள்.

பிடிமுகம் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இருந்தால், விடுவிக்கத் தேவையான விசை உராய்வுக் கெழு × சுமை. எஃகின் மேல் எஃகு, உராய்வு 0.2 என்று வைத்தால் 40 × 0.2 = 8 நியூட்டன். பிடிமுகம் 5 டிகிரி உள்வாங்கிச் சாய்ந்திருந்தால் 11.7 ஆகிறது, ஏனென்றால் விடுபடும் முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். அதே 5 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் 4.4. இதுவரைக்கும் பயமில்லை. இப்போது யாரோ ஒருவர் எண்ணெய் விடுகிறார், உராய்வு 0.1 ஆக இறங்குகிறது என்று வையுங்கள். செங்குத்து முகம் 4 நியூட்டனில் விடும். வெளிப்பக்கம் சாய்ந்த முகம் அரை நியூட்டனில் விடும். மேசையில் வைத்த அதிர்ச்சியே போதும். வயர்கட் போட்டவர் 5 டிகிரி தவறமாட்டார், ஆனால் ஆயிரம் முறை உரசித் தேய்ந்த ஓரம் அந்தச் சாய்வைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

நேர்க்கொண்டியின் நோய் இதுதான். பிடிப்பதும் உராய்வால், விடுவதும் உராய்வால். உராய்வு நம் கையில் இல்லாத ஒன்று.

ஆகவே தடுப்பு வகையைப் பயன்படுத்துங்கள். தள்ளுகோலின் பின்முனையில் எதிரெதிரே இரண்டு விரல்கள். விரல் நுனி 30 டிகிரி சரிவோடு உடற்கூட்டின் விளிம்பில் உட்காரும். ஸ்பிரிங் தள்ளும்போது விரல்கள் சரிவில் வழுக்கி விலகத்தான் பார்க்கும். அவற்றை விலகவிடாமல் பூட்டு வளையம் ஒன்று தடுத்துக்கொண்டு நிற்கும். பட்டன் இந்த வளையத்தை மட்டும் அச்சின் திசையில் நகர்த்துகிறது. வளையம் நகர்ந்ததும் விரல்கள் தாமே விலகும்.

கணக்கு: 40 நியூட்டன் சுமை, 30 டிகிரி சரிவு, உராய்வு 0.2 என்றால் விரல்கள் வளையத்தை மொத்தம் 13.5 நியூட்டனில் அழுத்தும். வளையத்தை நகர்த்த 0.2 × 13.5 = 2.7 நியூட்டன். எண்ணெய் பட்டு உராய்வு 0.1 ஆனால் அழுத்தம் 18.1 ஆக ஏறும், நகர்த்தும் விசை 1.8. நேர்க்கொண்டியில் 4 நியூட்டன் ஆடியது இங்கே 0.9 தான் ஆடுகிறது. வளையத்துக்குப் பின்னால் 6 நியூட்டன் திருப்பு ஸ்பிரிங் ஒன்றை வைத்தால், பட்டன் விசை 7.8 முதல் 8.7 நியூட்டனுக்குள் நிலையாக நிற்கும். இந்த 6 நியூட்டன் உராய்வைச் சார்ந்ததல்ல, நாம் போட்டது. வளையம் இடத்தில் இருக்கும் வரை, தேய்ந்தாலும் எண்ணெய் பட்டாலும் விரல் விலக இடமே கிடையாது.

அளவுகளில் கவனிக்க வேண்டியவை மூன்று. விரல் நுனி விளிம்பில் உட்காரும் ஆழம் 1.2 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இந்த ஆழத்தைத் தீர்மானிக்கும் ஐந்து பாகங்களில் ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. தவறினால், மோசமான சேர்க்கையில் 0.95 மிஞ்சும். அதுவரை தாங்கலாம். இரண்டாவது, பட்டன் ஓட்டத்தில் முதல் 1.5 மி.மீ.க்கு எதுவும் விடுபடக்கூடாது. 2 முதல் 2.5 மி.மீ.க்குள் கட்டாயம் விடுபட வேண்டும், 3.5-இல் பட்டன் அடியில் முட்ட வேண்டும். விடுபடும் புள்ளியும் முட்டும் புள்ளியும் ஒன்றாகிவிட்டால், தேய்மானத்தில் ஒருநாள் பட்டன் அடியில் முட்டியும் கருவி விடாது. மூன்றாவது, பிசிறு. வயர்கட் விட்டுப்போன சொரசொரப்பும் ஓரப் பிசிறும் முதல் ஐம்பது ஓட்டத்தில் உதிர்ந்து வளையத்துக்குள் சிக்கும். சரிவு முகத்தைக் கல்லில் தேய்த்து ஆர்.ஏ. (சராசரிச் சொரசொரப்பு) 0.4 மைக்ரானுக்குக் கொண்டுவாருங்கள், ஓரத்தில் 0.1 மி.மீ. ஆரம் மட்டும் விடுங்கள்.

விரல்களுக்கு 17-4பிஎச் ஸ்டெயின்லெஸ், எச்900 என்ற வெப்பப் பதம். வளையத்துக்கு 420 ஸ்டெயின்லெஸ், ஹார்டனிங் செய்து 50 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) அளவில். இரண்டும் ஒரே உலோகம், ஒரே கடினத்தில் இருந்தால் ஒன்றையொன்று கவ்விச் சுரண்டும். 3டி பிரிண்டில் போட்ட விரலை வடிவம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 40 நியூட்டன் ஸ்பிரிங்கை அதில் மாட்டாதீர்கள். மாட்டிய ஸ்பிரிங் 44 மி.மீ. ஓட்டத்தில் ஏறக்குறைய 1.4 ஜூல் ஆற்றலை வெளிவிடும்; கண்ணுக்கு நேராக வந்தால் கண் போய்விடலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் உட்காராதீர்கள்.

இரண்டு பூட்டு, ஒரே வரிசை

பட்டன் ஒன்றை மட்டும் நம்பினால், கைப்பையில் சாவிக்கொத்து இடித்தாலும் விடுபடும். அதனால் தோல்மேல் வைத்து அழுத்தினால்தான் பட்டன் உயிர்பெறும்படி செய்கிறோம். மூக்குப்பக்கம் ஊசியைச் சுற்றி ஒரு முன்னுறை, 4 மி.மீ. உள்ளே போகும். 2.5 மி.மீ. போன பிறகே பட்டனின் வழியில் நிற்கும் தடை விலகும். முன்னுறையின் ஸ்பிரிங் 2 நியூட்டனில் தொடங்கி 6 நியூட்டனில் முடியட்டும். அதற்கு மேல் போனால் ஒல்லியான வயிற்றில் குழிந்து வலிக்கும், ஊசி இறங்கும் ஆழமும் மாறும்.

இரண்டும் இருந்தால் மட்டும் போதாது, வரிசையும் பூட்டப்பட வேண்டும். பலர் பட்டனை முன்கூட்டியே கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி கருவியைத் தோலுக்குக் கொண்டுபோவார்கள். தடை வெறுமனே பட்டனை நிறுத்தும் ஒரு முட்டாக இருந்தால், முன்னுறை 2.5 மி.மீ. தொட்டதும் அமுங்கிக் காத்திருக்கும் பட்டன் பாய்ந்துவிடும். நோயாளி சரியான இடத்தில் வைப்பதற்குள் ஊசி இறங்கிவிடும். தவறி உள்ளங்கை பட்டாலும் அதே கதி. தீர்வு எளிது. தடையின் முகத்தில் 0.5 மி.மீ. உதடு ஒன்று விடுங்கள். பட்டன் முதலில் அமுங்கியிருந்தால் அந்த உதட்டில் கொளுவி, முன்னுறை பின்னால் போக முடியாமல் நிற்கும். பட்டனை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினால்தான் வழி திறக்கும். உதட்டின் ஓரம் மழுங்கினால் இந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் போய்விடும் என்பதால், ஆயுள் சோதனையில் ஐந்நூறு ஓட்டத்துக்கு ஒருமுறை இதைத் தனியாகச் சோதியுங்கள். 15 நியூட்டனில் பட்டனை முன்கூட்டியே அமுக்கி, 30 நியூட்டனில் முன்னுறையைத் தள்ளினாலும் விடக்கூடாது.

ஊசி எந்தப் பக்கம் என்று தெரியாமல் போவது இன்னொரு ஆபத்து. அட்ரினலின் கருவிகளைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலில் குத்திக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியிருக்கின்றன. வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். மூக்குப்பக்கம் அகலமாக, பட்டன்பக்கம் குறுகலாக, இருட்டில் தடவினாலே தெரியும்படி இருக்கட்டும். பட்டனும் வட்டக் குழியில் 1 மி.மீ. உள்வாங்கி இருக்கட்டும்.

கீழே விழுந்தால்

ஊசி அடிப்படையிலான செலுத்து கருவிகளுக்கான தரம் ஐஎஸ்ஓ 11608. அதன் முதல் பாகமும், தானியங்கிச் செயல்களைப் பற்றிய ஐந்தாம் பாகமும் 2022-இல் புதுப்பிக்கப்பட்டவை. அதில் 1 மீட்டர் உயரத்திலிருந்து கடினத் தரையில் விழவிடும் சோதனை இருக்கிறது. இந்தச் சோதனையில் பெரும்பாலான முதல் மாதிரிகள் தோற்கும். தோற்பதும் நல்லதுதான், ஏன் என்று தெரிந்தால்.

1 மீட்டர் விழுந்தால் வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். கடினப் பிளாஸ்டிக் கருவி 1 மி.மீ. தூரத்தில் நின்றால், சராசரி எதிர்முடுக்கம் ஈர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு. 8 கிராம் தள்ளுகோல் அந்த நொடியில் 78 நியூட்டனில் தள்ளும். ஸ்பிரிங்கின் 40-ஐச் சேர்த்தால் விரல்கள் மேல் 118 நியூட்டன். விரலை 40 நியூட்டனுக்கு வடிவமைத்திருந்தால் அங்கேயே ஒடியும். உச்சம் சராசரியைவிட அதிகம் என்பதால் 250 நியூட்டன் தாங்கும்படி கணக்கிடுங்கள்.

இதைவிட நுட்பமானது, மூக்கு கீழாக விழுவது. தரை முன்னுறையை உள்ளே தள்ளுகிறது: முதல் பூட்டு திறந்தது. கருவி நின்றுவிட்டாலும் மேல்முனையில் இருக்கும் 2 கிராம் பட்டன் தன் வேகத்திலேயே கீழே போகப் பார்க்கிறது: ஏறக்குறைய 20 நியூட்டன். பட்டனுக்கு வேண்டியதோ 9. அதாவது யாரும் தொடாமல், சரியான வரிசையில், இரண்டு பூட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. காகிதத்தில் இரண்டு தனித்தனிப் பாதுகாப்பு என்று எழுதியிருப்பது, விழும்போது ஒரே அடியில் இரண்டும் போகிறது.

இதற்கு மூன்று வேலைகள் சேர்ந்து வேண்டும். பட்டனைக் குடைந்து 0.6 கிராமுக்கு இறக்குங்கள். 6 நியூட்டனாகக் குறையும். பட்டனோடு சேர்ந்து நகரும் வளையத்தின் எடையையும் மறக்காமல் கூட்டுங்கள்; பலர் மறப்பது அதைத்தான். அடுத்தது, மூக்கின் ஓரத்தில் மென்ரப்பர் வளையம் கொடுத்து நிற்கும் தூரத்தை 3 மி.மீ. ஆக்கினால் எல்லா விசையும் மூன்றில் ஒரு பங்காகும். கடைசியாக, மூடி போட்டிருக்கும் வரை முன்னுறை அசையவே கூடாது: மூடியின் உள்கால்கள் முன்னுறைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கட்டும். பட்டனைப் பக்கவாட்டில் வைத்தால் இந்தத் தலைவலியே இருக்காது என்பது உண்மை. ஆனால் விரல் மூட்டு வீங்கியவர்களுக்குப் பக்கவாட்டுப் பட்டனைவிட, உள்ளங்கையாலும் அமுக்கக்கூடிய மேல்பட்டன் எளிது. நோயாளி யார் என்று முதல் தாளில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

விழும் சோதனையை மூக்கு கீழாக, பட்டன் கீழாக, படுக்கையாக என்று மூன்று திசையிலும் செய்யுங்கள். மூடி போட்டும், மூடி கழற்றி மாட்டிய நிலையிலும் செய்யுங்கள். ஊசிக்குப் பதில் மொட்டை நுனி.

மாட்டுவதும் இறக்குவதும்

40 நியூட்டன் என்பது 4 கிலோ எடை. அதை 44 மி.மீ. நேராக இழுப்பது மூட்டுவாதக்காரருக்கு ஆகாது. நெம்புகோலோ திருகோ வைத்து 15 நியூட்டனுக்குக் கொண்டுவாருங்கள். இழுக்கும் ஓட்டம், விரல் உட்காரும் இடத்தைத் தாண்டி 2 மி.மீ. போகட்டும். விரல் முழுவதும் உட்கார்ந்து, வளையம் அதன்மேல் வந்த பிறகே பச்சைக் குறி தெரிய வேண்டும். குறியைத் தள்ளுகோலோடு இணைக்காதீர்கள், வளையத்தோடு இணையுங்கள். தள்ளுகோல் பின்னால் வந்துவிட்டதாலேயே அது பூட்டப்பட்டதாகாது. பாதி மாட்டிய கருவி பச்சை காட்டுவதைவிட ஆபத்தான பொய் இல்லை.

ஸ்பிரிங்கை மாட்டிய பிறகே சிரிஞ்சை ஏற்றும் வரிசை நல்லது. மாட்டும்போது கை நழுவினாலும் ஊசி உள்ளே இல்லை. சிரிஞ்ச் ஏற்றும் கதவு திறந்திருக்கும் வரை பூட்டு வளையம் நகராதபடி ஒரு ஊக்கு வைத்துவிடுங்கள். சிரிஞ்சை அதன் தோள்பட்டையில் (ஊசிப்பக்கம் கண்ணாடி குறுகும் இடம்) தாங்குங்கள், பின்விளிம்பில் தாங்காதீர்கள். கண்ணாடி முதலில் உடைவது பின்விளிம்பில்தான்.

ஒரே 40 நியூட்டன் ஸ்பிரிங் ஊசியையும் இறக்கினால், 20 கிராம் எடையுள்ள சிரிஞ்சும் தாங்கியும் 12 மி.மீ. ஓடி விநாடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் முட்டும். ஊசி இறக்க 10 நியூட்டனில் தனி ஸ்பிரிங் வைத்தால் வேகம் 3.5 ஆகப் பாதியாகும். ஒரு பாகம் கூடும், கண்ணாடி பிழைக்கும். எப்படியும் முட்டும் இடத்தில் 2 மி.மீ. சிலிகான் வளையம் வையுங்கள். சிரிஞ்ச் இல்லாமல் தட்டிப் பார்க்காதீர்கள் என்று கையேட்டில் எழுதலாம். எல்லாரும் தட்டிப் பார்ப்பார்கள். அதைத் தாங்கும்படி செய்வதுதான் வடிவமைப்பு.

புதியவர்கள் அனேகமாக எல்லாரும் மறப்பது இறக்கும் வழி. மாட்டி, சிரிஞ்ச் ஏற்றி, மூடி கழற்றிய பிறகு கருவி விடவில்லை. நோயாளி இப்போது என்ன செய்வார்? மூக்கைப் பார்த்து ஆட்டுவார். இழுத்த அதே நெம்புகோலால் ஸ்பிரிங்கை மெல்ல முன்னால் கொண்டுவந்து சுமையில்லாமல் ஆக்கும் வழி இருக்க வேண்டும். அதற்குப் பிறகே சிரிஞ்ச் கதவு திறக்க வேண்டும்.

மழை, எண்ணெய், வெடிப்பு

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுப் பக்கத்தில் ஈரத்தை அலமாரி வரை கொண்டுவந்துவிடும். நைலான் 6 ஈரத்தை உறிஞ்சி ஊதும். முழுக்க நனைந்தால் எடையில் 9 சதவீதம் வரை ஏறும். ஆகவே கோவையில் வெயில் காலத்தில் சரளமாக ஓடிய வளையம், கொழிஞ்சாம்பாறையில் ஆடியில் இறுகும். ஓடும் பாகங்களுக்கு பிஓஎம் (அசிட்டால் பிளாஸ்டிக்) போடுங்கள். அதன் உறிஞ்சல் மிகக் குறைவு. ஆனால் நாள்கணக்கில் சுமை தாங்கினால் பிஓஎம் மெல்ல நெகிழும் என்பதால் விரலுக்கு அது வேண்டாம். கருவியை மாட்டிய நிலையில் வைத்திருக்கக்கூடாது என்பதையும் வடிவத்திலேயே சொல்லுங்கள்: மாட்டியிருந்தால் பெட்டி மூடாதபடி நெம்புகோல் நீட்டிக்கொண்டு நிற்கட்டும்.

மேல்கூட்டுக்குப் பாலிகார்பனேட் நல்ல பொருள்தான், ஸ்னாப் கொக்கியில் இழுபட்டு நிற்கும் இடத்தில் கிருமிநாசினித் துடைப்பான் படும் வரை. அங்கே மயிரிழை வெடிப்பு விடும். இழுபடும் இடத்தை உள்ளே வைத்து, வெளிமூட்டைத் திருகாணியால் பிடியுங்கள்.

மேசைச் சோதனை

தேவையானவை: 50 நியூட்டன் ஃபோர்ஸ் கேஜ், மில்லிகிராம் காட்டும் தராசு, விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி, 2 மி.மீ. சிலிகான் தகட்டுக்கு அடியில் நுரை வைத்த போலித்தோல். தண்ணீர் 1 மில்லி 1 கிராம். போன அளவைத் தராசு சொல்லும், இறங்கிய நேரத்தைப் படம் சொல்லும். அறை வெப்பத்தில் சரியானதும் 5 டிகிரியிலும் 40 டிகிரியிலும் செய்யுங்கள்.

தினம் ஒருமுறை என்று 3 வருடம் உழைக்க வேண்டும் என்றால் 1,100 ஓட்டம். அதன் மூன்று மடங்கு, 3,300 ஓட்டம் வரை ஓட்டிப் பட்டன் விசையை வரைபடமாக இடுங்கள். விசை மெல்ல இறங்கினால் விரல் சரிவு தேய்கிறது; ஏறினால் உதிர்ந்த துகள் சேர்கிறது; திடீரென்று குதித்தால் திருப்பு ஸ்பிரிங் எங்கோ உரசுகிறது.

எத்தனை கருவி சோதிக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். 59 கருவியில் ஒன்றும் தவறாவிட்டால், 95 சதவீத நம்பிக்கையோடு 95 சதவீதம் சரியாக இயங்கும் என்று சொல்லலாம். 99 சதவீதம் என்று சொல்ல 299 வேண்டும். பத்து கருவியைச் சோதித்து ‘தவறே இல்லை’ என்று எழுதுவது தணிக்கையில் நிற்காது.

கைகளில் கொடுப்பது தனி வேலை. மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுப் பொறியியலுக்கான தரம் ஐஇசி 62366-1. ஊசியில்லாத மாதிரியை ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, பேசாமல் பாருங்கள். இறுதிச் சுற்றுக்கு ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேர் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லும் அளவு. எல்லைப் பகுதியில் பேச்சு தமிழாகவும் படிப்பு மலையாளமாகவும் உள்ளவர்கள் உண்டு, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியின் மேல் எழுத்தைவிட 1, 2, 3 என்ற எண்ணும் படமும் அதிகம் உதவும். கையேடு இரண்டு மொழியிலும் இருக்கட்டும்.

காகிதம்

ஐஎஸ்ஓ 14971 படி இடர்ப் பட்டியலை முதல் நாளே தொடங்குங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு கோளாறும் அதில் ஒரு வரி, எதிரே அதைத் தடுக்கும் பாகமும் சோதனை எண்ணும். தர அமைப்புக்கு ஐஎஸ்ஓ 13485.

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள், 2017 பொருந்தும். 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. சோதனைக்காகத் தயாரிப்பதற்கே எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் வாங்க வேண்டும். மனிதர்மேல் மருத்துவ ஆய்வுக்கு எம்டி-22 விண்ணப்பம், எம்டி-23 அனுமதி, கூடவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். விற்பனைக்குத் தயாரிக்கும்போது கருவி ஏ, பி வகையானால் மாநில அதிகாரி எம்டி-5 உரிமம் தருவார். சி, டி வகையானால் மத்திய அமைப்பான சிடிஎஸ்சிஓ எம்டி-9 தரும். மாநிலம் என்பது தொழிற்சாலை நிற்கும் இடத்தைப் பொறுத்தது, அலுவலக முகவரியை அல்ல. பாகங்களைக் கோவையில் வெட்டி, கஞ்சிக்கோட்டில் பூட்டி, அங்கேயே சோதித்து வெளியே அனுப்பினால் கேரளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கோவைப் பட்டறைகள் அப்போது உங்கள் ஒப்பந்தச் சப்ளையர்கள். அவர்களின் ஹார்டனிங் சான்றும் ஸ்பிரிங் பிரீசெட்டிங் பதிவும் ஒவ்வொரு லாட்டுக்கும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.